காலாவதியான டார்க்ரூம் கெமிக்கல்: எங்கள் ஊர்ப்பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஓர் அறையை டார்க்ரூமாக வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடுகிறேன், கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். என்னிடம் வரும் சந்தேகங்களில் பாதி, படம் எடுப்பது பற்றியதே இல்லை. பழைய கெமிக்கலை என்ன செய்வது என்பதுதான். கேட்பவர்களில் சிலர் புதிதாக ஃபிலிம் கேமரா வாங்கிய பிள்ளைகள். நாலு ரோல் கழுவியபின் பாதி பாட்டில் மிச்சம் நிற்கும். மற்றவர்கள், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஸ்டுடியோவையோ, ஐயா காலத்து இருட்டறையையோ திறந்து பார்த்துத் திகைத்து நிற்பவர்கள்.

இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். நல்லதா கெட்டதா என்பதைத் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள், சோதித்துப் பாருங்கள். கொட்டுவதென்றால், அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று முதலில் பாருங்கள். இனி, அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகள்.

டப்பாவுல போட்டிருக்க தேதி முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே. தூக்கிப் போட்டுறவா?

பிரிக்காத டப்பா என்றால் அவசரப்பட வேண்டாம். ஃபிலிமில் பதிந்த படத்தை வெளியே கொண்டுவரும் மருந்துதான் டெவலப்பர். அதைக் கெடுப்பது காற்று. காற்றிலுள்ள ஆக்சிஜன், படத்தைக் கறுக்கவைக்கும் பொருள்களான மெட்டாலையும் ஹைட்ரோகுவினோனையும் தின்றுவிடுகிறது. உறை பிரியாத, ஈரம் ஏறாத பவுடர் தேதி தாண்டியும் நன்றாக வேலை செய்வதை நானே பார்த்திருக்கிறேன். பிரித்துப் பார்க்கும்போது பவுடர் வெள்ளையாகவோ லேசான மங்கலாகவோ இருந்தால் கரைத்துச் சோதிக்கலாம். பழுப்பேறிக் கட்டி தட்டியிருந்தால் சோதிக்கவும் வேண்டாம்.

கரைத்த பிறகு கணக்கு வேறு. டி-76 டெவலப்பரைக் கரைத்து, பாட்டில் நிறைய ஊற்றி இறுக மூடினால் 6 மாதம். அதே கரைசல் பாதி பாட்டிலாக இருந்தால் 2 மாதம். தயாரிப்பாளர் சொல்லும் கணக்கே இதுதான். ஒரே மருந்து, ஒரே நாளில் கரைத்தது. உள்ளே இருக்கும் காற்றுதான் வித்தியாசம்.

கெட்டுப்போச்சுன்னா பார்த்தவுடனே தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். டி-76, டி-72 மாதிரி மெட்டால், ஹைட்ரோகுவினோன் கலந்த டெவலப்பர் முதலில் தண்ணீர் மாதிரி இருக்கும். போகப்போக வெளிறிய தேநீர் நிறமாகி, கடைசியில் கடுங்காப்பி நிறத்துக்கு வரும். தேநீர் நிறம் சந்தேகம், காப்பி நிறம் முடிவு. படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்சரான ஹைப்போ கலங்கி, அடியில் மஞ்சள் கலந்த வெள்ளைத் தூள் படிந்தால் அது கந்தகம். அந்த ஹைப்போ போய்விட்டது. வடிகட்டி மறுபடி எடுக்க நினைக்காதீர்கள்.

நிறம் இரண்டு இடத்தில் ஏமாற்றும். 1891-இல் காப்புரிமை பெற்ற ரோடினல் மிகப் பழைய டெவலப்பர். அதன் கெட்டிக் கரைசல் கன்னங்கரேலென்று ஆன பிறகும் பல ஆண்டு வேலை செய்யும். அதற்கு நேர் எதிர், 1996-இல் வந்த எக்ஸ்டால் மாதிரி வைட்டமின் சி வகை டெவலப்பர்கள். இவை செத்த பிறகும் தண்ணீர் போலத் தெளிவாகவே இருக்கும். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலில் எடுத்த இரண்டு ரோலை எட்டு மாதம் பழகிய அப்படிப்பட்ட டெவலப்பரில் நான் கழுவினேன். ஃபிலிம் கழுவும் டாங்க்கைத் திறந்தால் ஃபிலிம் கண்ணாடித் தாள் மாதிரி வந்தது. வீதி நிறையப் பானைகள், புகை, அடுப்பு முன் நின்ற ஆச்சிமார் எதுவும் இல்லை. ஓரத்தில் கம்பெனி அச்சிடும் எண்கள்கூட இல்லை.

அந்த ஓர எண்கள் நல்ல துப்பு. படமும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் குற்றம் டெவலப்பரில். எண் தெளிவாக இருந்து படம் மட்டும் இல்லையென்றால் குற்றம் கேமராவில்.

அப்போ டெவலப்பரை எப்படித்தான் சோதிக்கிறது?

கேமராவில் ஃபிலிம் மாட்டும்போது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை வெட்டி எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். அது முழு வெளிச்சம் பட்ட ஃபிலிம். கழுவப் போகும் கலவையில், கழுவப் போகும் வெப்பநிலையில், அந்தத் துண்டில் பாதியை முக்குங்கள். பகல் வெளிச்சத்திலேயே செய்யலாம். உங்கள் ரோலுக்கு உரிய நேரம் முடியும்போது மருந்தில் நனைந்த பாதி கறுத்திருக்க வேண்டும். ஹைப்போவில் போட்டு எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். விளக்கு ஊடே தெரியாத அளவு கறுப்பு என்றால் டெவலப்பர் உயிரோடு இருக்கிறது. சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டால் நம்ப வேண்டாம்.

பேப்பர் டெவலப்பருக்கு வெளிச்சம் பட்ட பேப்பர் துண்டு போதும். சில நொடிகளில் கறுக்க ஆரம்பித்து, இரண்டு நிமிஷத்துக்குள் நல்ல கறுப்பு வரவேண்டும். முக்கியமான ரோல் என்றால், கல்யாணமோ அறுபது வயதுச் சாந்தியோ எதுவானாலும், சோதனையில் தேறிய பழைய மருந்தையும் நான் தொடமாட்டேன். புதிதாகக் கரைப்பேன்.

ஹைப்போவுக்கும் இதே மாதிரி சோதனை இருக்கா?

இருக்கிறது, இதைவிட எளிது. அதே ஃபிலிம் நுனியில் ஹைப்போ ஒரு சொட்டு விடுங்கள். 30 நொடி கழித்துத் துண்டு முழுவதையும் ஹைப்போவில் போட்டு ஆட்டுங்கள். சொட்டு விட்ட இடம் முதலில் தெளியும், மற்ற இடம் பின்னால் வந்து அதோடு ஒன்றாகும். இரண்டும் வித்தியாசமில்லாமல் ஆக எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கரைத்த அன்றைக்கே இந்த நேரத்தை எடுத்துப் பாட்டிலில் எழுதி ஒட்ட வேண்டும். பிறகு எப்போது அது இரட்டிப்பாகிறதோ, அன்றைக்கு அந்த ஹைப்போவின் கதை முடிந்தது. ஃபிலிமை ஹைப்போவில் வைக்கும் நேரம், தெளியும் நேரத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

எண்ணிக்கையும் குறித்து வையுங்கள். ரேபிட் ஃபிக்சர் என்ற வேக ஹைப்போ ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்த ஒரு லிட்டரில் சுமார் 24 ரோல் கழுவலாம். தீர்ந்துபோன ஹைப்போவின் கெடுதல் அன்றைக்குத் தெரியாது. படம் அழகாக இருக்கும், சில வருஷத்தில் மஞ்சள் பூக்கும்.

ஸ்டாப் பாத்?

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஆசிட் கரைசல் இது. நிறம் மாறும் வகை என்றால் அதுவே சொல்லிவிடும். மஞ்சள் இருக்கும்வரை நல்லது, ஊதாவானால் முடிந்தது. கடையில் வாங்கும் கெட்டி அசெட்டிக் ஆசிட் தேதியால் கெடாது, ஆனால் தோலைச் சுடும், தீயும் பிடிக்கும். எப்போதும் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

நம்ம ஊரு வெயிலுக்கு எங்கண்ணே வைக்கிறது? ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாமா?

சாப்பாடு வைக்கும் ஃப்ரிட்ஜில் ஒருபோதும் வேண்டாம். கெட்டிக் கரைசல்கள் குளிரில் படிகமாகி அடியில் உறைவதும் உண்டு. சித்திரை வைகாசியில் மாடி அறை கொதிக்கும். ஆனால் நம் வீடுகளில் கனத்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடிக் கல்லும் உள்ள கீழ்க்கட்டு அறை எப்போதும் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும். வெளிச்சம் படாத மூலையில், தரையை ஒட்டி வையுங்கள். அதுவே போதும்.

பாட்டிலில் காற்று சேராமல் இருக்க, அளவு குறையக் குறையக் கழுவிய கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு மட்டத்தை மேலே கொண்டுவரலாம். நான் அரை லிட்டர், கால் லிட்டர் பாட்டில்களாகப் பிரித்து நிறைத்து வைக்கிறேன். எந்தப் பாட்டிலானாலும் சரி, கூல்டிரிங்ஸ் பாட்டில், கோலி சோடா பாட்டில், நல்லெண்ணெய் பாட்டில் கூடாது. தண்ணீர் மாதிரித் தெரியும் ஒன்றை அந்த மாதிரி பாட்டிலில் வைத்தால் வீட்டுக்கு வரும் பிள்ளை குடித்துவிடும். பெயர், கரைத்த தேதி, ‘விஷம்’ என்ற சொல் மூன்றையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் வேலை செய்யும் அக்கா படிக்கும்படி இருக்க வேண்டும்.

போர் தண்ணி உப்பா இருக்கு. வளவுல பிடிச்ச மழைத்தண்ணியில கரைக்கலாமா?

தாராளமாக. கடினத் தண்ணீரில் டெவலப்பர் வெள்ளையாகத் திரியும், ஃபிலிமில் வெண்புள்ளி படியும். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்து வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், ஓட்டிலிருந்து விழுவதைப் பிடித்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினால் நல்ல மென்தண்ணீர் கிடைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தத் தண்ணீரை நம் வழக்கப்படி செம்பு அண்டாவிலோ பித்தளைக் குடத்திலோ நாள்கணக்கில் வைத்திருந்து எடுக்காதீர்கள். செம்பு துளி கலந்தாலும் டெவலப்பர் வேகமாக ஆக்சிஜனேறிக் கெடும், ஃபிலிமில் மூட்டம் போடும், அதாவது படம் இல்லாத இடத்திலும் சாம்பல் படியும். பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வரோ போதும்.

பழைய டெவலப்பர்ல கொஞ்சம் புதுசு ஊத்தி ஓட்டிறலாமா? இல்ல நேரத்தைக் கூட்டிக்கலாமா?

வேண்டாம். எவ்வளவு செத்தது, எவ்வளவு மிச்சம் என்று அளக்க நமக்கு வழியில்லை. நேரத்தைக் கூட்டினால் படத்தோடு மூட்டமும் சேர்ந்து கூடும்.

பவுடர் பாக்கெட்ல பாதிய மட்டும் எடுத்துக் கரைச்சா மிச்சம் நிக்கும்ல?

பாக்கெட் பவுடர் ஒரே பொருள் இல்லை. நாலைந்து பொருள் கலந்தது. வண்டியில் குலுங்கி வரும்போது கனமானது ஒருபக்கம், நுண்ணியது ஒருபக்கம் பிரிந்துவிடும். பாதியைத் தனியாக எடுத்தால் அந்தப் பாதியில் மெட்டால் எவ்வளவு விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? முழுதாகக் கரைத்து, மேலே சொன்னபடி சிறு பாட்டில்களில் நிறைத்து வையுங்கள்.

சிறிது சிறிதாகக் கரைக்க ஆசை என்றால் பொருளைத் தனித்தனியாக வாங்கி நிறுத்துக் கரைப்பது நல்லது. டி-76 ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். முக்கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அடுத்து மெட்டால், அது கரைந்த பிறகு மீதிச் சல்ஃபைட், பிறகு மற்றவை. சல்ஃபைட் முழுவதையும் முதலில் போட்டுவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும்.

பழைய ஸ்டுடியோவில் கிடைக்கும் தனிப் பொருள்களில் வெண்காரம், படிகாரம், பொட்டாசியம் புரோமைடு மூன்றும் காலத்தால் கெடுவதில்லை. மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் கறுத்திருந்தால் ஒதுக்குங்கள். சோடியம் சல்ஃபைட்தான் சந்தடியில்லாமல் மோசம் செய்யும். வெள்ளையாகவே இருந்துகொண்டு உள்ளுக்குள் சல்ஃபேட்டாக மாறிவிடும். திறந்து கிடந்த சல்ஃபைட்டை நான் நம்புவதில்லை.

இந்தக் கெமிக்கல் தொல்லையே வேணாம், காப்பித்தூள்ல கழுவலாம்னாங்களே?

கழுவலாம். 1995-இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு வகுப்பில் செய்து பார்த்த முறை. இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மூன்றும் சேர்ந்தால் டெவலப்பர். சிக்கரி கலந்த ஃபில்டர் தூள் இதற்கு லாயக்கில்லை. அன்றன்றைக்குக் கரைத்து அன்றைக்கே தீர்ப்பதால் காலாவதிப் பிரச்சினை இல்லை. ஆனால் ஹைப்போ இல்லாமல் முடியாது. தொல்லையில் பெரிய பங்கு ஹைப்போவில்தான் இருக்கிறது.

வீணாப்போன டெவலப்பரை வளவு முற்றத்துத் தூம்புல ஊத்திட்டுத் தண்ணி விட்டுறலாம்ல?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். வளவுத் தூம்பு சாக்கடைக்குப் போவதாக நினைக்கிறோம். நம் வீடுகளைக் கட்டியவர்கள் அப்படிக் கட்டவில்லை. நான்கு பக்கத்து ஓட்டிலிருந்து விழும் மழை வளவில் சேர்ந்து, தூம்பு வழியாகத் தெருக்கால்வாய்க்குப் போய், அங்கிருந்து ஊரணிக்குப் போகும்படி வைத்தார்கள். ஆறில்லாத வறண்ட சீமையில் நூறு வருஷத்துக்கு மேல் குடித்தது அந்தத் தண்ணீரை. இன்றைக்கும் கிராமங்களில் ஊரணியில் குடம் வைத்து எடுக்கிறார்கள். நீங்கள் ஐப்பசியில் தூம்பில் ஊற்றுவது கார்த்திகையில் யாரோ ஒருவர் குடத்தில் இருக்கும்.

கொல்லையில் ஊற்றினால் கிணற்றுக்கு இறங்கும். செப்டிக் டாங்க்கில் ஊற்றினால் அதிலுள்ள கிருமிகளைக் கொன்று டாங்க்கையே கெடுக்கும். டெவலப்பர் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சும், ஹைட்ரோகுவினோன் மீனுக்கு விஷம். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்மையிலேயே இருந்து, அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதாக இருந்தால், ஒன்றிரண்டு ரோல் கழுவிய டெவலப்பரையும் ஸ்டாப் பாத்தையும் ஒன்றோடொன்று கலந்து, நிறையத் தண்ணீரோடு விடலாம். காரமும் ஆசிட்டும் ஒன்றையொன்று தணித்துக்கொள்ளும். ஹைப்போ அதில் சேர்த்தி இல்லை.

இணைப்பு இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு வெயில்தான் வழி. அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் டெவலப்பரை ஊற்றி மொட்டைமாடியில் வைத்து, மேலே வலையை இறுகக் கட்டிவிடுங்கள். காக்காயும் பூனையும் வாய் வைக்கக் கூடாது. பங்குனியிலிருந்து ஆடி வரை எங்கள் வெயிலுக்கு நாலைந்து லிட்டர் வற்றச் சில நாள் போதும். மழைக்காலத்தில் வெளியே வைக்காமல் கேனில் சேர்த்து வையுங்கள். வற்றியபின் தங்கும் பழுப்புச் சேற்றைச் சுரண்டி மூடியுள்ள டப்பாவில் போட்டு, என்னவென்று எழுதுங்கள். எனக்கு இரண்டு வருஷத்துச் சேறு ஒரு டப்பாகூட நிறையவில்லை.

அந்த டப்பாவை அப்புறம் யார்ட்ட குடுக்குறது?

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று தனியாக ஒரு வகையை வைத்தன. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, டியூப் லைட், காலாவதி மருந்து எல்லாம் அதில் வரும். அதைத் தனியே வாங்கிக்கொள்வதற்கு ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் பொறுப்பு. குப்பை வண்டியில் போடாமல், சுகாதார ஆய்வாளரிடம் நேரில் போய், என்ன பொருள், எத்தனை கிலோ என்று எழுதிக் கொடுங்கள். எழுத்தில் கேட்டால் பதில் வருகிறது. எடுத்துக்கொள்ளும்வரை டப்பா உங்களிடமே பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

ஹைப்போவுல வெள்ளி இருக்காமே, விக்கலாமா?

ஃபிலிமிலும் பேப்பரிலும் படமாகாத வெள்ளி உப்பைக் கரைத்து எடுப்பதுதான் ஹைப்போவின் வேலை. வெள்ளி உப்பை அது கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் 1819-லேயே எழுதினார். அன்றிலிருந்து அந்தக் குணம் மாறவில்லை. நன்றாகப் பயன்பட்டுத் தீர்ந்த ஹைப்போ ஒரு லிட்டரில் சில கிராம் வெள்ளி இருக்கும். நாலு பேர் சேர்ந்தால்கூடப் பெரிய காசு இல்லை. எடுக்க வேண்டியதற்குக் காரணம் காசும் இல்லை. வெள்ளி தண்ணீரில் வாழும் சிற்றுயிர்களுக்குக் கொடிய விஷம். செப்டிக் டாங்க் கிருமிகளையும் விடாது.

எடுப்பதற்கு இரும்பு போதும். பழைய ஹைப்போவைப் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் தேய்க்க வாங்கும் மெல்லிய இரும்புக் கம்பளியை அதில் போட்டு, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள். இரும்பு கரைந்து கரைசலுக்குப் போகும், வெள்ளி கறுத்த சேறாக அடியில் இறங்கும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் பெரும்பாலும் எவர்சில்வர், அது உதவாது. சந்தேகமிருந்தால் ஒரு இழையை நனைத்து ராத்திரி வையுங்கள். துருப்பிடித்தால் இரும்பு. வெள்ளி இறங்கிவிட்டதா என்று அறிய, உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கிய செம்புக் கம்பியைக் கொஞ்ச நேரம் முக்குங்கள். கம்பி வெளுத்தால் இன்னும் வெள்ளி மிச்சம்.

சேற்றை வடிகட்டிக் காயவைத்துச் சேர்த்து வையுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் வாங்குகிறவர்கள் இதையும் கேட்பார்கள். வீட்டில் உருக்காதீர்கள். 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி காரைக்குடியில் இருப்பதால், மின்சாரம் வைத்து வெள்ளி எடுக்கலாமா என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். முறை உண்மைதான். ஆனால் மின்னோட்டம் அளவு மீறினால் ஹைப்போ சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். வீட்டில் செய்கிற காரியம் அல்ல. வெள்ளி நீக்கிய நீரையும் ஊரணிப் பக்கம் விடாமல், டெவலப்பருக்குச் சொன்னபடி வெயிலில் வற்ற விடுங்கள், ஆனால் வேறு தொட்டியில். ஏன் வேறு தொட்டி என்பது அடுத்த பதிலில்.

எல்லாத்தையும் ஒரே கேன்ல ஊத்திக் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் போட்டுட்டா சுத்தமாயிரும்ல?

கூடவே கூடாது. ஆசிட் கலந்த ஹைப்போவில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு வரும். ரேபிட் ஃபிக்சரில் அம்மோனியம் இருப்பதால் அதோடு சேர்ந்து மூச்சுக்குழலைப் புண்ணாக்கும் வேறு வாயுக்களும் வரும். அதே ஃபிக்சர் காரமான டெவலப்பரோடு சேர்ந்தால் அம்மோனியா கிளம்பும். அதற்காகத்தான் தனித் தொட்டி.

இதைவிட மோசமான சேர்க்கைகள் பழைய ஸ்டுடியோக்களில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கும். படத்தைப் பழுப்பாக்கப் பயன்பட்ட சோடியம் சல்ஃபைடில் (டெவலப்பரில் போடும் சல்ஃபைட் வேறு) ஆசிட் பட்டால் அழுகிய முட்டை வாசனையோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து வாசனையே தெரியாமல் போகும், ஆளை வீழ்த்தும். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு தனியாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. கடும் ஆசிட்டும் சூடும் சேர்ந்தால் சயனைடு வாயு விடும். சில்வர் நைட்ரேட்டில் அம்மோனியா கலந்து வைத்த பழைய கரைசல் காய்ந்துபோனால் வெடிக்கும் பொருளாகிறது. அப்படி ஒரு பாட்டில் என்று சந்தேகம் வந்தால் மூடியைத் திருகவே வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

கலர் ஃபிலிம் கழுவுற கிட்டும் இப்படித்தானா?

கலர் டெவலப்பருக்கு ஆயுசு குறைவு. கரைத்தபின் வாரக்கணக்குதான். செத்துக்கொண்டிருக்கும்போதே நிறம் பிசகும், பிரிண்டில் சரிசெய்ய முடியாது. தோலுக்கும் அதிகம் ஒவ்வாது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கலர் ஃபிலிமை வெளுப்பதையும் ஹைப்போவின் வேலையையும் சேர்த்துச் செய்யும் பிளிக்ஸிலும் வெள்ளி இருக்கிறது, ஆனால் இரும்புக் கம்பளி அதில் அவ்வளவாக எடுபடாது. தனிக் கேனில் சேர்த்து வைத்து மேலே சொன்னபடி ஒப்படையுங்கள்.

கை அரிக்குதுண்ணே, டெவலப்பராலயா?

மெட்டாலாக இருக்கலாம். சிலருக்குப் பல வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்து ஒருநாள் ஒவ்வாமை வரும். வந்தால் போகாது. தோல் மருத்துவரைப் பாருங்கள், இடுக்கி வைத்து வேலை செய்யப் பழகுங்கள்.

ஐயா ஸ்டுடியோவுல ஆரஞ்சுக் கலர்ல கல்லு கல்லா ஒரு சாடி நிறைய இருக்கு. என்னன்னே தெரியல.

முகர்ந்து பார்க்காதீர்கள், விரலால் தொடாதீர்கள். பளிச்சென்ற ஆரஞ்சுப் படிகம் பெரும்பாலும் பொட்டாசியம் டைகுரோமேட். ஃபிலிமை வெளுக்கவும் டாங்க் கழுவவும் வைத்திருப்பார்கள். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும் வகை. ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை நாம் எல்லோரும் செய்தியில் படித்தோம். அதே குரோமியம்தான் இந்தச் சாடியில் இருக்கிறது. கரைக்காமல், கொட்டாமல், சாடியோடு இரண்டாவது டப்பாவில் வைத்து மூடி, பேர் எழுதி ஒப்படைக்கும் பட்டியலில் முதலில் சேருங்கள்.

ரத்தச் சிவப்பான படிகம் ஃபெர்ரிசயனைடாக இருக்கலாம். கறுத்த ஊதா என்றால் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோ குரோம் படிகாரமோ. கவலைப்பட வேண்டியது, சின்னச் சீசாவில் கைக்குக் கனமாக இருக்கும் வெள்ளைப் படிகம். மங்கிய நெகட்டிவை அழுத்தமாக்க முன்பு மெர்க்குரிக் குளோரைடு பயன்படுத்தினார்கள். சித்த வைத்தியத்தில் ‘வீரம்’ என்று சொல்லும் பாஷாணம் அதுதான். லேபிள் இல்லாத எந்த வெள்ளைப் பொருளையும் நான் அது என்றே எண்ணி நடத்துகிறேன்.

பாட்டிலைக் கழுவிப் பழைய பேப்பர்காரர்ட்ட போடலாமா?

முழுப் பாட்டிலாகப் போடாதீர்கள். நல்ல பாட்டில் என்று யாராவது எண்ணெய்க்கோ பினாயிலுக்கோ எடுத்துக்கொள்வார்கள். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை வற்றும் தொட்டியில் ஊற்றி, லேபிளைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்டுக் கொடுங்கள். டைகுரோமேட், பாதரசம் இருந்த பாட்டிலை அலசவே வேண்டாம், அப்படியே ஒப்படையுங்கள்.

தகர டப்பாவுல ஃபிலிம் சுருள் ஒட்டிப்போய் ஒரு மாதிரி வாசம் வருது. அதுவும் கெமிக்கல்தானா?

வினிகர் வாசம் என்றால் அது அசிடேட் ஃபிலிம் சிதைவது. எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் பக்கத்து ஃபிலிமுக்கும் அந்தச் சிதைவு பரவும். தனியே எடுத்து வையுங்கள். பழுப்பேறி, பிசுபிசுத்து, நெடி ஏறினால் அது நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். 35 மில்லிமீட்டர் சினிமா ஃபிலிம் 1950-களின் தொடக்கம் வரை நைட்ரேட்டில் வந்தது. ஏவி.எம். ஸ்டுடியோ 1940-களில் காரைக்குடியில் இயங்கிய ஊர் இது. பரணில் துண்டுச் சுருள் கிடப்பது நடக்காத காரியமில்லை. ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று ஆங்கில எழுத்து இருந்தால் பயமில்லை.

மோசமாகச் சிதைந்த நைட்ரேட் சுருள் 40 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே தானாகத் தீப்பிடிக்கக்கூடியது. எங்கள் கோடையில் பரண் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். எரிய வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. டப்பாவை இறுக மூடாமல், நிழலில், வீட்டைவிட்டுத் தள்ளி வைத்துத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். இன்னும் சிதையாத சுருள் என்றால், எறியும் முன் புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

ஸ்டுடியோவையே காலி பண்றோம். எதுல ஆரம்பிக்கிறது?

முதலில் கதவு ஜன்னலைத் திறந்து, ஒருமணி நேரம் வெளியே நில்லுங்கள். உள்ளே போனதும் எதையும் நகர்த்தாமல் அலமாரி அலமாரியாகப் போனில் படம் எடுங்கள். எந்தப் பாட்டில் எதன் பக்கத்தில் இருந்தது என்பதே பல சமயம் லேபிள் இல்லாததை அடையாளம் காட்டும். ஸ்டுடியோவில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அந்தப் படத்தைக் காட்டுங்கள். எங்களுக்கு ஒருமுறை ஏழு பாட்டிலுக்குப் பெயர் அப்படித்தான் கிடைத்தது.

அடுத்து, கெமிக்கலைத் தொடும் முன் கண்ணாடி நெகட்டிவ், ஃபிலிம் உறை, வாடிக்கையாளர் நோட்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள். பாட்டில் உடைந்தால் முதலில் போவது அவைதான். பிறகு ஆசிட்டுகள் ஒரு பெட்டி, சல்ஃபைடும் ஃபெர்ரிசயனைடும் எதிர்ச்சுவர் ஓரம் வேறு வேறு பெட்டி, ஹைப்போ ஒரு பெட்டி, டெவலப்பர் ஒரு பெட்டி, பெயர் தெரியாதவை ஒரு பெட்டி. ஒரு நாளில் முடிக்க நினைக்காதீர்கள். வேலை நடக்கும் நாளெல்லாம் வளவுத் தூம்பின் வாயைத் துணி வைத்து அடைத்துவிடுங்கள்.